ஏசி, ஏர் பியூரிஃபையர், சிம்னி: வீட்டு ஃபில்டர்களைக் கழுவிப் பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஏசி சரியாகக் குளிரவில்லை என்றதும் மெக்கானிக்குக்கு போன் போடுகிறோம். அதற்கு முன் முன்பக்க மூடியைத் தூக்கி ஃபில்டரை ஒரு தடவை பாருங்கள். வலைக்கண்ணே தெரியாத அளவுக்குச் சாம்பல் நிறத்தில் தூசி அப்பிக் கிடந்தால், உங்கள் வீட்டுப் பிரச்சினையின் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது. அதைக் கழுவ கால் மணி நேரம் போதும். செலவு எதுவும் இல்லை.

இதை முதலிலேயே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஃபில்டர் அடைத்த ஏசியில் அழுத்தம் பார்க்கும் மீட்டர் மாட்டிப் பார்த்தால் கேஸ் குறைவாக இருப்பதுபோலக் காட்டும். கேஸ் சரியான அளவில் இருந்தாலும் அப்படித்தான் காட்டும். அறையின் காற்று காயில் (ஏசிக்குள் இருக்கும் குளிரூட்டும் குழாய்ச் சுருள்) மேல் பட்டுப் போனால்தான், காயிலுக்குள் ஓடும் குளிர்திரவம் (கேஸ் என்று நாம் சொல்வது இதைத்தான்) வெப்பத்தை வாங்கி ஆவியாக முடியும். தூசி வழியை மறித்தால் காற்று குறையும், வெப்பம் கிடைக்காது, குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். அந்த அழுத்தத்தைப் பார்த்து “கேஸ் கம்மியா இருக்கு, டாப்-அப் பண்ணணும்” என்று சொன்னால், காசும் போகும், தேவைக்கு அதிகமான கேஸ் ஏறிக் கம்ப்ரஸருக்கும் சுமை கூடும். ஏசியில் இருக்கும் கேஸ் அடுப்பு கேஸ் மாதிரி எரிந்து தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் ஏற்ற வேண்டும். ஆகவே ஃபில்டரும் காயிலும் சுத்தமாக இருக்கும் நிலையில்தான் கேஸ் பற்றிய பேச்சே எழ வேண்டும். இதில் நான் கறாராக இருப்பேன். நீங்களும் இருங்கள்.

தூசி அடைத்தால் என்ன ஆகிறது

ஏசி காயிலின் வெப்பநிலை வழக்கமாக உறைநிலைக்குச் சில டிகிரி மேலேயே இருக்கும். காற்றோட்டம் குறைந்தால் அது 0 டிகிரிக்குக் கீழே இறங்கும். சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களின் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் காயில் மேல் ஐஸாகப் படியும். ஐஸ் படிந்தால் காற்று இன்னும் குறையும். குளிரவில்லையே என்று ரிமோட்டில் 18 வைப்போம், ஐஸ் இன்னும் வேகமாக ஏறும். விடிகாலையில் ஏசியை நிறுத்தியதும் அது உருகி, ட்ரேயில் அடங்காமல் சுவரிலும் கட்டிலிலும் சொட்டும். “ஏசி ஒழுகுது” என்ற புகாருக்குப் பின்னால் பல வீடுகளில் இந்தக் கதைதான் இருக்கிறது.

மின்கட்டணம் அடுத்த விஷயம். அடைத்த ஃபில்டரை மாற்றிச் சுத்தமானதைப் போட்டால் ஏசியின் மின்செலவு 5 முதல் 15 சதவீதம் வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. நம் ஊரில் 2020 முதல் விற்கும் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. ஃபில்டர் சுத்தமாக இருந்து கூடவே மின்விசிறியும் ஓடினால், பெரும்பாலான படுக்கையறைகளுக்கு அந்த 24 அல்லது 25 போதும்.

ஏசியின் வலை நம் நுரையீரலைக் காக்க வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வலை பிடிப்பது துணி நூல், முடி, கண்ணுக்குத் தெரியும் தூசி, இவ்வளவுதான். அதன் முதல் வேலை பின்னால் இருக்கும் காயிலைக் காப்பது. புகை, பிஎம் 2.5 போன்ற நுண்துகள்கள் அந்தக் கண்களுக்குள் தாராளமாகப் புகுந்து போகும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதும் இல்லை. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. நுண்துகளுக்குத் தனியாக ஏர் பியூரிஃபையர் வேண்டும். அதைப் பிறகு பார்க்கலாம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை

இரவில் மட்டும் ஏசி போடும் வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. பகலிலும் இரவிலும் ஓடினால், வீடு பேருந்து போகும் சாலையை ஒட்டி இருந்தால், பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்தால், நாயோ பூனையோ வளர்த்தால் வாரம் ஒரு முறை. சாம்பிராணி, கொசுவர்த்தி தினமும் ஏற்றும் அறையில் தூசியோடு பிசுக்கும் சேர்ந்துகொள்ளும். அங்கேயும் வாரக் கணக்குதான் சரி. சமையலறையை ஒட்டிய ஹாலில் இருக்கும் ஏசிக்கும் அப்படியே.

கணக்கு வைத்துக்கொள்வது சிரமம் என்றால் வெளிச்சத்தை நம்பலாம். ஃபில்டரைக் கழற்றி ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். எதிர்ப்பக்கம் முழுக்க ஒரே மாதிரி தெரிந்தால் விட்டுவிடலாம். திட்டுத் திட்டாக மறைந்தால் அன்றைக்கே கழுவிவிடுங்கள்.

ஸ்பிளிட் ஏசி ஃபில்டரைக் கழுவும் முறை

முதலில் ரிமோட்டில் நிறுத்துங்கள். காற்று வரும் மடல் மூடி, உள்ளே விசிறி நின்ற பிறகு சுவரில் இருக்கும் ஏசி சுவிட்சையோ எம்சிபியையோ இறக்குங்கள். ரிமோட்டில் நிறுத்தியதோடு கை வைக்கக் கூடாது; உள்ளே மின்சாரம் இருந்துகொண்டுதான் இருக்கும்.

பெரும்பாலும் ஏசிக்குக் கீழே கட்டில்தான் இருக்கும். மெத்தை மேல் பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்துவிடுங்கள். ஆடாத ஸ்டூல் போட்டு ஏறுங்கள். மெத்தை மேல் நின்று எட்டிப் பிடிப்பது விழுவதற்கான வழி. தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் மூக்கில் துண்டோ மாஸ்க்கோ கட்டிக்கொள்ளலாம்.

முன் மூடியின் இரண்டு ஓரத்தையும் பிடித்து ஒரே சீராக மேலே தூக்கினால், ஓர் அளவுக்குப் போய் ‘க்ளிக்’ என்று நின்றுகொள்ளும். ஒரு பக்கத்தை மட்டும் இழுத்தால் கொக்கி உடையும். சில மாடல்களில் முன் மூடியைத் தொடவே வேண்டாம், ஃபில்டர் தலைப்பக்கத்திலிருந்து வரும். மூடி அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் யூசர் மேனுவலைப் பாருங்கள்.

உள்ளே இடமும் வலமுமாக இரண்டு வலைகள் இருக்கும். கீழே இருக்கும் பிடியைச் சற்று மேலே தள்ளினால் கொக்கியிலிருந்து விடுபடும். பிறகு உங்கள் பக்கம் இழுத்து, கீழ்நோக்கி மெதுவாக உருவுங்கள். வேகமாக உருவினால் தூசி முழுவதும் முகத்திலும் மெத்தையிலும் விழும். எது இடது, எது வலது என்று சட்டத்தில் மார்க்கரால் குறித்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது குழப்பம் இருக்காது.

வலையின் மேல் சின்னச் சின்னப் பட்டைகள் செருகியிருக்கலாம். கார்பன், வெள்ளி அயனி, வைட்டமின் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். இவற்றைக் கழற்றித் தனியே வையுங்கள். இவற்றில் பலவற்றைத் தண்ணீரில் போடக் கூடாது. சிலவற்றை நனைக்கலாம். உங்கள் மாடலுக்கு எது என்று மேனுவலில் எழுதியிருக்கும். கிடைக்கவில்லை என்றால் உலர்ந்த பிரஷால் தட்டிச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

இப்போது கழுவுவது. தூசி படிந்த பக்கம் எது, காயிலைப் பார்த்திருந்த பக்கம் எது என்று பாருங்கள். தண்ணீர் எப்போதும் காயில் பக்கத்திலிருந்து தூசிப் பக்கம் நோக்கிப் பாய வேண்டும். காற்று தூசியைத் தள்ளி வந்த திசைக்கு எதிர்த் திசையில் தள்ளினால் அது அப்படியே உரிந்து விழும். தூசிப் பக்கத்தில் நேராகக் குழாயைத் திறந்தால் அது கூழாகி வலைக்கண்ணுக்குள் இறுகிக்கொள்ளும். பல வீடுகளில் கழுவிய பிறகும் காற்று குறைவாக வருவதற்கு இதுதான் காரணம். வாக்யூம் கிளீனர் இருந்தால் நனைப்பதற்கு முன் தூசிப் பக்கத்தை ஒரு முறை உறிஞ்சிவிடுங்கள். வேலை பாதியாகும்.

வெறும் தூசி என்றால் ஷவர் தண்ணீரே போதும். பிசுக்கு இருந்தால் ஒரு தொட்டி வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் மெதுவாக வருடுங்கள். கைக்குச் சுடுகிற தண்ணீர் வேண்டாம். 40 டிகிரியைத் தாண்டினால் பிளாஸ்டிக் சட்டம் நெளியும், அப்புறம் அது காடியில் உட்காராது. பெட்ரோல், தின்னர், பிளீச்சிங் பவுடர், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் எதுவும் கூடாது. வாஷிங் மெஷினிலும் போடக் கூடாது.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் செய்யுங்கள். உப்பு நீர் காய்ந்தால் வலைக்கண்ணில் வெள்ளைப் படலம் நிற்கும். அடுத்து வரும் தூசி அதைப் பற்றிக்கொண்டு இன்னும் சீக்கிரம் அடைக்கும்.

காயவைப்பதில் அவசரம் வேண்டாம்

உதறிவிட்டு, நிழலில், மின்விசிறிக்குக் கீழே சாய்த்து வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் சட்டம் வளையும். ஹேர் டிரையரும் அதே கெடுதலைச் செய்யும். கோடையில் ஒன்று இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவு முழுக்க வைக்க வேண்டியிருக்கும். விரலால் ஓரங்களைத் தடவிப் பாருங்கள்; சட்டமும் வலையும் சேரும் இடத்தில்தான் ஈரம் கடைசிவரை நிற்கும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடிக்கும், ஏசி போட்டதும் வரும் அழுக்குத்துணி வாடைக்கு வழி செய்ததாகிவிடும். ஃபில்டர் காயும்வரை ஏசியை ஓட்டவே வேண்டாம். வலை இல்லாமல் ஓடும் ஒவ்வொரு இரவும் தூசி நேராகக் காயிலுக்குப் போகும், அங்கிருந்து அதை எடுக்க மெக்கானிக்தான் வர வேண்டும்.

காயும் நேரத்தில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாகத் தெரியும். அதுதான் காயில். லேசான தூசி இருந்தால் மென்மையான பெயின்ட் பிரஷால், தகடு நிற்கும் திசையிலேயே, மேலிருந்து கீழாகத் தள்ளுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிக் காற்றை மறிக்கும். அதன் விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பீய்ச்சும் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். பெரும்பாலான மாடல்களில் வலது ஓரத்தில் சர்க்யூட் போர்டு இருக்கிறது, அது நனைந்தால் செலவு பெரிது. கீழே காற்று வரும் வாயில் வழியாக உருளை வடிவ விசிறியின் இதழ்கள் தெரியும். அவற்றில் கறுப்பாகத் திட்டு இருந்தால் தூசியும் பூஞ்சையும் சேர்ந்து படிந்திருக்கின்றன, வெட் சர்வீஸுக்கு (மெக்கானிக் தண்ணீர் பீய்ச்சிச் செய்யும் முழுச் சுத்தம்) நேரம் வந்துவிட்டது.

மாட்டும்போது மேல் முனையை முதலில் காடியில் நுழைத்து, கீழ்ப் பிடியைக் கொக்கிக்குள் உட்காரவையுங்கள். ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும், வலை இருந்தும் பயனில்லை. மூடியை அழுத்தி மூடி, சுவிட்சைப் போட்டு, ஃபேன் மோடில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். உங்கள் ஏசியில் ஃபில்டர் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் ரீசெட் செய்தால்தான் அணையும். பெரும்பாலும் அந்த விளக்கு ஓடிய மணி நேரத்தை எண்ணுகிறதே தவிர, தூசியைப் பார்ப்பதில்லை.

காயிலில் ஐஸ் இருப்பதைக் கண்டால் கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ சுரண்டாதீர்கள். ஃபேன் மோடில் வைத்து உருகவிட்டு, ஃபில்டரைக் கழுவி மாட்டி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். சுத்தமான ஃபில்டரோடும் ஐஸ் பிடித்தால் காயில் அழுக்கு, விசிறிக் கோளாறு, கேஸ் கசிவு என்று காரணம் வேறு. அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவரிடம் தண்ணீர் ட்ரேயையும் வடிகால் குழாயையும் கட்டாயம் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சர்வீஸ் என்ற பெயரில் ஃபில்டரை மட்டும் கழுவிவிட்டுப் போவது நடக்கிறது. அந்த வேலையைத்தான் நீங்களே செய்கிறீர்களே.

விண்டோ ஏசியில் வலை ஒன்றுதான். முன் கிரில்லைத் திறந்தோ, பக்கவாட்டில் உருவியோ எடுக்கலாம். மற்றதெல்லாம் மேலே சொன்னபடியே.

ஏர் பியூரிஃபையர்: எதை நனைக்கலாம், எதை நனைக்கக் கூடாது

போகி நெருங்கும்போதும் தீபாவளியின்போதும் சென்னையில் பியூரிஃபையர் ஓடும் வீடுகள் இப்போது அதிகமாகிவிட்டன. இதில் வழக்கமாக மூன்று அடுக்கு உண்டு: வெளியே ஒரு வலை, நடுவில் மடிப்பு மடிப்பாக, நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா, பிறகு வாடையை இழுக்கும் கார்பன். கழுவலாம் என்று நம்பி எடுக்கக்கூடியது வெளி வலை மட்டும்தான். அதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வாக்யூம் செய்து அல்லது அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

ஹெப்பாவைக் கழுவவே கூடாது. காரணம் தெரிந்தால் ஆசை விட்டுப்போகும். அது சல்லடை போல ஓட்டையின் அளவை வைத்துச் சலிப்பதில்லை. தாறுமாறாகப் பின்னிய மிக மெல்லிய இழைகளில் துகள்கள் மோதி ஒட்டிக்கொள்கின்றன. பல ஃபில்டர்களில் இழைக்கு மின்னூட்டமும் ஏற்றியிருப்பார்கள். பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது ஹெப்பாவின் அளவுகோல். தண்ணீர் பட்டால் மின்னூட்டம் போகும், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இடையே வழி விழும். கழுவிக் காய்ந்த ஹெப்பா பார்க்க வெள்ளையாக இருக்கலாம், ஆனால் புகையைப் பிடிக்காது. வெயிலில் வைத்துத் தட்டுவதும் கெடுதல்தான். பிடித்துவைத்த தூசி திரும்பவும் உங்கள் மூச்சுக்கே வரும். கார்பனும் அப்படியே, நிறைந்தால் மாற்றத்தான் வேண்டும். கழுவக்கூடியது என்று உற்பத்தியாளரே அச்சிட்டிருந்தால் மட்டும் அவர் சொன்னபடி செய்யுங்கள்.

மாற்றும் காலம் வீட்டைப் பொறுத்தது. பல கம்பெனிகள் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சொல்கின்றன. விளக்கு எரியாவிட்டாலும், ஹெப்பா கரும்பழுப்பாகி, முழு வேகத்தில் வைத்தும் காற்று மெலிந்து வந்தால் மாற்றிவிடுங்கள். பழையதை வீட்டுக்குள் உதறாமல், பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டிக் குப்பையில் போடுங்கள். புதிய ஃபில்டர் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வரும். மாட்டும் முன் அதைப் பிரித்தீர்களா என்று பாருங்கள். உறையோடே மாட்டி மாதக்கணக்கில் ஓட்டுகிற வீடுகள் நிஜமாகவே இருக்கின்றன. புதிய மெஷின் வாங்கினாலும் பின்மூடியைத் திறந்து ஒரு தடவை இதைச் சரிபார்த்துவிடுங்கள். விலை குறைந்த மாற்று ஃபில்டர் வாங்கினால், ஓரத்தில் சுற்றியிருக்கும் ஃபோம் பட்டை இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா என்று கவனியுங்கள். ஓரத்தில் கசிந்தால் எந்தத் தர ஹெப்பாவும் வீண்.

சமையலறை சிம்னி

தினமும் தாளிப்பு, வாரம் ஒரு நாளாவது வடையோ அப்பளமோ என்று இருக்கும் நம் சமையலறையில் சிம்னி ஃபில்டருக்குத்தான் அதிக வேலை. எண்ணெய் சொட்டும் ஃபில்டர் அடுப்புத் தீக்கு நேர் மேலே தொங்குகிறது என்பதை நினைத்தாலே இதைத் தள்ளிப்போட மனம் வராது. பொரிப்பது அதிகம் என்றால் வாரம் ஒரு முறை, இல்லையென்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை.

அடுப்பு ஆறிய பிறகு, சுவிட்சை நிறுத்தி, கைப்பிடியை இழுத்தால் ஃபில்டர் கீழே வரும். இங்கே உலோகத்தைப் பார்க்க வேண்டும். வளைந்த பட்டைகளாக இருக்கும் ஸ்டீல் பாஃபிள் என்றால் அகலமான பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடாவும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிசுக்கு தானாக இளகும். நைலான் பிரஷால் தேய்த்து அலசினால் போதும். அலுமினிய வலையாக இருந்தால் வாஷிங் சோடாவும், காஸ்டிக் சோடா கலந்த கிளீனரும் கிட்டேயே வரக் கூடாது. காரம் அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைக்கும். அதற்கு வெந்நீரும் பாத்திரத் திரவமும்தான். எதைப் பயன்படுத்தினாலும் பிளீச்சும் அமிலமும் சேர்ந்துவிடாமல் பாருங்கள். அந்தக் கலவையிலிருந்து விஷவாயு வரும்.

எண்ணெய் சேரும் கிண்ணம் இருந்தால் அதையும் காலி செய்யுங்கள். அந்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். பழைய காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். ஆட்டோ கிளீன் வகையிலும் இந்தக் கிண்ணம் உங்கள் வேலைதான். வெளியே குழாய் போகாத சிம்னியில் கார்பன் ஃபில்டர் இருக்கும், அதைக் கழுவாமல் மாற்ற வேண்டும்.

சீசன் தொடக்கமும் முடிவும்

மாசி பங்குனியில் ஏசியை மறுபடி தொடங்கும் முன் ஃபில்டரைக் கட்டாயம் கழுவுங்கள். மாதக்கணக்கில் சும்மா இருந்த வலையில் ஒட்டடையும் பூச்சிக் கழிவும் சேர்ந்திருக்கும். வெட் சர்வீஸையும் அப்போதே முடித்துவிட்டால், கத்திரி வெயிலில் மெக்கானிக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். ஏசி தேவைப்படாத மாதங்களுக்கு முன்னால், மழையில்லாத ஒரு நாளில் ஃபேன் மோடில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டிக் காயிலை உலரவிட்டு, கழுவிக் காய்ந்த ஃபில்டரை மாட்டி, சுவிட்சை இறக்கிவிடுங்கள்.

வலை கிழிந்திருந்தாலோ சட்டம் நெளிந்திருந்தாலோ ஒட்டுப்போட்டு ஓட்டாமல் புதியது வாங்குங்கள். ஏசியின் உள்யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை, மாடல் எண் தெரியும்படி போனில் படம் எடுத்துக் கடையில் காட்டினால் சரியான அளவு கிடைக்கும்.